இரண்டு ராதாக்களும் ஒரு ஜோடிக் காப்பும்

‘மதர் இந்தியா’வைப் பார்க்காதவர்களுக்கும் அதன் கடைசிக் காட்சி தெரியும். பெற்ற மகனைத் தாயே சுடுகிறாள். படத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவர்கள் அங்கேதான் ஆரம்பிப்பார்கள், அங்கேயே முடித்தும் விடுவார்கள். போஸ்டரில் தோளில் ஏரோடு நர்கிஸ், முடிவில் துப்பாக்கி, நடுவில் கண்ணீரும் பாட்டும். 172 நிமிடப் படம் இவ்வளவுதான் என்றால் அதை யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

அதனால் பார்க்க உட்காரும் முன் அந்தத் துப்பாக்கியை மறந்துவிடுவது நல்லது. அதற்குப் பதிலாக ஒரு ஜோடிக் காப்பைக் கவனியுங்கள். ராதா மணப்பெண்ணாக வரும்போது கையில் போட்டிருக்கும் காப்பு. இந்தியில் ‘கங்கன்’ என்பார்கள். அது எப்போது கையை விட்டுக் கழன்றது, யாருடைய பெட்டிக்குப் போனது, பிறகு யார் கையில் மின்னியது, கடைசியில் யார் கையிலிருந்து திரும்பி வந்தது என்று அதன் பின்னாலேயே போனால் படம் தானாகவே பிரிந்து கொடுக்கும்.

ஆனால் இது ஒரு படமல்ல, இரண்டு. 1957-ல் வந்த ‘மதர் இந்தியா’வுக்கு ஓர் அக்கா உண்டு. 1940-ல் நேஷனல் ஸ்டுடியோஸ் தயாரித்த ‘ஔரத்’. ஔரத் என்றால் பெண். இரண்டையும் இயக்கியவர் மெஹபூப் கான். குஜராத்தில் பிலிமோராவில் பிறந்து, பம்பாய்க்கு வந்து, 1927-ல் எடுத்த மௌனப் படம் ஒன்றில் அலிபாபாவின் நாற்பது திருடர்களில் ஒருவராகத் தலை காட்டியவர். பெரிதாகப் படிப்பு கிடையாது. தன் படத்தையே 17 வருஷம் கழித்து மறுபடியும் எடுத்தார். கூட இருந்தவர்களும் பெரும்பாலும் பழைய ஆட்கள்தான். ஒளிப்பதிவு இரண்டுக்கும் ஃபரிதூன் இரானி. படத்தொகுப்பு ஷம்சுதீன் காத்ரி. வசனத்தில் வஜாஹத் மிர்ஸா. திரையிலும் ஒருவர் மாறவில்லை. அவரைப் பற்றிப் பின்னால்.

கதை சின்னது. கல்யாணமாகி வந்த வீட்டின் நிலம் லேவாதேவிக்காரன் சுகிலாலாவிடம் மாட்டியிருக்கிறது. புருஷன் ஷாமு ஒரு நாள் வீட்டை விட்டுப் போகிறான், திரும்பவே இல்லை. ராதா தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறாள். மூத்தவன் ராமு அடக்கம். இளையவன் பிர்ஜு அடங்காதவன், கடைசியில் கொள்ளைக்காரன். ‘ஔரத்’தில் ராதா சர்தார் அக்தர், ‘மதர் இந்தியா’வில் நர்கிஸ்.

எதை முதலில் பார்ப்பது? காலவரிசைப்படி பழையதில் ஆரம்பிப்பதுதான் முறை என்று தோன்றும். வேண்டாம். ‘ஔரத்’ கறுப்பு வெள்ளை, இன்று கிடைக்கும் பிரதிகள் தேய்ந்தவை, ஒலியில் இரைச்சல் அதிகம். பழகாதவர்கள் அரை மணியில் எழுந்துவிடுவார்கள். ஒரு மாலை ‘மதர் இந்தியா’, இரண்டு மூன்று நாள் கழித்து ‘ஔரத்’. கதை தெரிந்த பிறகு இரைச்சல் தொந்தரவு செய்யாது. வண்ணமும் பிரம்மாண்டமும் உரிந்த அதே கதை எலும்பும் தோலுமாக நிற்பதைப் பார்க்கலாம்.

இந்தி தெரியாவிட்டால் சப்டைட்டில் போதும். ஆனால் இரண்டு சொற்களைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ‘சூத்’ என்றால் வட்டி. ‘லாஜ்’ என்றால் மானம். படம் முழுக்க இந்த இரண்டும் மாறி மாறி வரும். ஒன்றின் கணக்கை இன்னொன்றால் தீர்க்கச் சொல்லி ஊர் ராதாவை நெருக்குகிறது.

‘மதர் இந்தியா’வின் முதல் காட்சி ஒரு கிழவியின் முகம். மண்ணாங்கட்டியைக் கையில் எடுத்து முகத்தருகே வைத்திருக்கிறாள். சுற்றிலும் டிராக்டர், கிரேன், அணைக்கட்டு. கதர்க்காரர்கள் வந்து கால்வாயைத் திறந்து வைக்கக் கூப்பிடுகிறார்கள். அவள் தயங்குகிறாள். மாலை விழுகிறது. அந்தப் பூவின் வாசம் கல்யாண நாளுக்கு இழுத்துப் போகிறது. மாலை விழுந்ததற்கும் மதகு திறப்பதற்கும் இடையிலான அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் மூன்று மணி நேரப் படமும் நடக்கிறது. 1940-ன் ‘ஔரத்’தில் அணையும் கிடையாது, ஐந்தாண்டுத் திட்டமும் கிடையாது. இந்தத் திறப்பு விழா, சுதந்திரத்துக்குப் பிறகு கதையைச் சுற்றிக் கட்டிய சட்டம். சட்டம் பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கும் படத்தைப் பார்க்காமல் விடக்கூடாது. நாடு முன்னேறுகிறது என்று சொல்லும் காட்சிகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். நல்ல விஷயம் அடுத்துத்தான் வருகிறது.

அது கடன். ராதாவின் கல்யாணச் செலவுக்காகவே மாமியார் 500 ரூபாய் வாங்கியிருக்கிறாள், நிலத்தை ஈடு வைத்து. கைநாட்டு வைத்தவளுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. பஞ்சாயத்து கூடுகிறது, பத்திரம் லாலா பக்கம் பேசுகிறது. வெள்ளாமையில் முக்கால் பங்கு வட்டிக்கு. கால் பங்கு உழைத்தவனுக்கு. அசல் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கைச் சொல்லும்போது யார் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். மாமியார் முகத்தில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம். நம் ஊரில் கந்துவட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்ட வீட்டுப் பெரியவர்களின் முகத்தில் பார்த்த அதே திகைப்பு. இந்தப் படத்தில் ஒரு பெண் தனித்து நிற்பதற்கான காரணம் விதியோ, ஒழுக்கக் கேடோ இல்லை. ஒரு பத்திரம்.

காப்பு கழல்வதும் இந்தக் கணக்கினால்தான். நகைகள் ஒவ்வொன்றாக லாலா வீட்டுக்குப் போகின்றன. மாடு போகிறது. கடன் அடையாத நிலையில், கல்லும் பாறையுமாகக் கிடக்கும் தரிசைத் திருத்த இருவரும் இறங்குகிறார்கள். பாறை ஒன்று புரண்டு ஷாமுவின் இரண்டு கைகளையும் நசுக்கிவிடுகிறது. பெண்டாட்டி ஊட்டிவிட்டுச் சாப்பிடும் நிலை. லாலா அதைச் சொல்லிக் காட்டுகிறான். ஒரு ராத்திரி, எல்லாரும் தூங்கும்போது ஷாமு எழுந்து போய்விடுகிறான்.

இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும். ‘ஔரத்’தின் ஷாமுவுக்குக் கைகள் இருக்கின்றன. வறுமை தாங்காமல் போகிறான், அவ்வளவுதான். 17 வருஷம் கழித்து மெஹபூப் அவன் மேல் ஒரு பாறையைத் தள்ளிவிட்டிருக்கிறார். ஓடிப்போன புருஷனை ரசிகர்கள் மன்னிப்பதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி. சினிமாவாக 1957-ன் காட்சிதான் பெரியது. புதிய ஷாமுவான ராஜ்குமாரின் வெறும் சட்டைக்கைகள் லேசில் மறக்காது. ஆனால் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருப்பது 1940-ன் ஷாமு. விட்டுவிட்டுப் போகிறவர்களில் பலருக்குக் கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

அப்படிப் போனவனின் மனைவிக்குத் தமிழில் ‘வாழாவெட்டி’ என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். கொடூரமான சொல்தான், ஆனால் ராதாவின் நிலையைப் புரிந்துகொள்ள உதவும். அவள் விதவை இல்லை; புருஷன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. சுமங்கலியும் இல்லை. தாலியைக் கழற்றவும் முடியாது, அதன் பாதுகாப்பும் கிடையாது. இரண்டு படங்களிலும் இந்த அந்தரத்தில்தான் அவளுடைய வாழ்நாள் முழுதும் போகிறது. நர்கிஸ் வழியைப் பார்க்கும் ஷாட்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். முதலில் தேடிக்கொண்டு ஓடுகிறாள், ஊர் ஊராக. பிறகு வாசலோடு சரி. பிறகு பார்வை மட்டும். எங்கே அந்தப் பார்வையும் நின்றுபோகிறது என்று கண்டுபிடிப்பது ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டிய வேலை.

மெஹபூபுக்கு இந்தக் கதைக்கான பொறி அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக்கின் சீனக் கிராமத்து நாவல்களிலிருந்து வந்தது. அவற்றில் ஒன்று 1934-ல் வெளிவந்த ‘தி மதர்’. அதிலும் புருஷன் போய்விடுகிறான். அந்தத் தாய்க்கு நாவலில் பெயரே கிடையாது. புருஷன் ஓடிப்போனான் என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகக் கடிதம் எழுதுகிறவனுக்குக் காசு கொடுத்து, புருஷன் அனுப்பியது போலத் தானே கடிதம் எழுதவைத்து வரவழைத்துக்கொள்வாள். பிறகு நிலக்காரரின் ஏஜென்ட் ஒருவனிடம் மனம் தடுமாறி, கருவுற்று, மருந்து சாப்பிட்டுக் கலைப்பாள். இந்தப் பகுதி இந்திப் படத்துக்குள் வரவே இல்லை. ஏஜென்ட் இருந்த இடத்தில் லாலா இருக்கிறான், ஆனால் ராதா அவனுக்கு இணங்குவதில்லை. எதை மெஹபூப் எடுத்துக்கொண்டார், எதை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வந்தார் என்று தெரிந்துகொண்டு பார்த்தால், அடுத்து வரும் காட்சியின் கனம் கூடும்.

வெள்ளம் வருகிறது. இரானி இதற்காக 1955-ல் உத்தரப் பிரதேசத்தில் நிஜமாகவே வந்த வெள்ளத்தைப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். வயல் போய்விட்டது, கைக்குழந்தை போய்விட்டது, மிச்சம் இருக்கும் பிள்ளைகள் பசியில். ராதா உடம்பெல்லாம் சேறாக லாலா வீட்டுக்குப் போகிறாள். சோறு வேண்டுமானால் என்னோடு இரு என்பது அவன் பேரம். அங்கே ஒரு லட்சுமி படம். ராதா லாலாவிடம் பேசுவதை விட்டுவிட்டு லட்சுமியிடம் பேச ஆரம்பிக்கிறாள். உலகத்தின் பாரத்தை நீ சுமந்துவிடலாம், பிள்ளைப் பாசத்தின் பாரத்தைச் சுமந்து பார், உன் காலும் தள்ளாடும் என்கிற அர்த்தத்தில் ஒரு பேச்சு.

படத்தின் சிகரம் இதுதான். துப்பாக்கிக் காட்சியை நான்காம் இடத்தில் வைக்கலாம். சேற்றுக்குள் நர்கிஸின் கண் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அழகுக்காகப் போடும் வெளிச்சத்துக்கு இங்கே வேலையே இல்லை. தாயைத் தெய்வமாகவே ஆக்கிவிடுகிற சினிமாவுக்கு நடுவில் ஒரு தாய் தெய்வத்தைப் பார்த்து, உனக்கு இது தெரியாது என்கிறாள். பேரத்துக்கு இணங்கிவிடலாமா என்கிற ஊசலாட்டம் அந்த முகத்தில் ஒரு கணம் வந்து போகிறது. பேர்ல் பக்கின் தாய் கடந்துபோன வாசலில் ராதா ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புகிறாள். அந்த நிமிஷத்தை மட்டும் இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கலாம், தப்பில்லை.

இப்போது அந்த லாலா. சுகிலாலாவாக நடித்தவர் கன்னையாலால். 1940-லும் அவர்தான், 1957-லும் அவர்தான். இரண்டு ராதாக்கள், இரண்டு ஷாமுக்கள், இரண்டு பிர்ஜுக்கள். வட்டிக்காரன் மட்டும் ஒரே ஆள். மெஹபூப் இதை வேண்டுமென்றே செய்தாரா, வேறு நல்ல நடிகர் கிடைக்கவில்லையா என்பது வேறு விஷயம். திரையில் விளைவு பயங்கரமாக இருக்கிறது. வெள்ளைக்காரன் போய், நேரு வந்து, கறுப்பு வெள்ளை போய் வண்ணம் வந்து, லாலா அதே கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். கன்னையாலால் கத்த மாட்டார். மீசையை முறுக்க மாட்டார். கூனிக் குறுகி, வாயில் வெல்லம் ஒட்டியது மாதிரி இழுத்துப் பேசுவார். அந்தக் குழைவைக் கவனித்துக் கேட்க வேண்டும்; அந்தக் காலத்து வில்லன்களில் இப்படி மெல்லப் பேசி நடுங்க வைத்தவர்கள் குறைவு.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு படம் கொஞ்சம் தொய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுகள் அடுக்கடுக்காக வரும். அறுவடைப் பாட்டு ஒன்றின் முடிவில் மேலிருந்து எடுத்த ஷாட்டில், நெற்களம் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் வரைபடமாக மாறும். நிஜ வயலுக்கு நடுவே திடீரென்று ஸ்டுடியோவில் வரைந்த வானம் வந்து நிற்கும். நௌஷாத்தின் இசையைக் காதால் கேட்டுக்கொண்டு கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம். ஆனால் ஹோலிக் காட்சி வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள். லாலாவின் மகள் ரூபா கை நிறைய வளையலோடு வருகிறாள். அதில் ராதாவின் காப்பும் இருக்கிறது.

பிர்ஜுவுக்கு அது அம்மாவின் காப்பு. பறிக்கப் பாய்கிறான். ஊருக்குத் தெரிவதோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கும் போக்கிரி. அடிக்கிறார்கள். சூத், லாஜ் இரண்டும் இங்கேதான் நேருக்கு நேர் முட்டுகின்றன. அவன் வட்டியைப் பற்றிப் பேசுகிறான், அவர்கள் மானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இன்னோர் இடத்தில் லாலாவின் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு விழிப்பான்; அவனுக்கு எழுத்துத் தெரியாது. தன் குடும்பத்தையே விழுங்கிய எழுத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றே தெரியாது. அதிகம் படிக்காத ஓர் இயக்குநர் எடுத்த காட்சி என்று நினைத்துப் பார்த்தால் அந்த விழிப்பு வேறு மாதிரி தெரிகிறது.

பிர்ஜு விஷயத்தில்தான் இரண்டு படங்களையும் அக்கம்பக்கமாக வைக்க வேண்டும். ‘மதர் இந்தியா’வின் பிர்ஜுவான சுனில் தத் அழகன். கோபத்தில் கண் சிவந்தாலும் அழகன். அதனால் ரசிகர் மனம் அவன் பக்கம் சாய்ந்துவிடும். 1940-ல் பிர்ஜுவாக வரும் யாகூப், வில்லன் வேஷத்துக்கும் நகைச்சுவைக்கும் பேர்போனவர். கதாநாயகக் களை இல்லை. அவன் செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வரும், சில இடங்களில் அருவருப்பும். இப்படிப்பட்ட பிள்ளையையும் ஒரு தாய் நேசிக்கிறாள் என்பது ‘ஔரத்’தின் பலம். மகன் யார் என்பதில் பழைய படம் ஜெயிக்கிறது. தாய் யார் என்பதில் புதியது.

நர்கிஸைப் பற்றி ஒரு தகவல். அவர் பிறந்தது 1929 ஜூன் 1. அவருக்கு மகனாக நடித்த சுனில் தத் பிறந்தது 1929 ஜூன் 6. ஐந்து நாள் வித்தியாசம். நரைத்த விக் சில இடங்களில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தலையைப் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள். மாட்டுக்குப் பதிலாகத் தானே ஏரை இழுக்கும் காட்சிக்குப் பிறகு அவர் தோள் ஒரு பக்கம் இறங்கியே இருக்கிறது. உட்காரும்போது முதலில் கையை ஊன்றுகிறார். முப்பதைத் தொடாத ஒருவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்து வராது. 1958-ல் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது இதற்காகக் கிடைத்தது. படம் ஆஸ்கருக்கும் போய், இறுதிப் பட்டியலில் இடம் பெற்று, ஃபெலினியின் ‘நைட்ஸ் ஆஃப் கபீரியா’விடம் தோற்றது.

வைக்கோல் போர்கள் எரியும் காட்சியில் நெருப்பு நிஜம். 1957 மார்ச்சில் குஜராத்தின் உம்ரா கிராமத்தில் எடுத்தபோது தீ கைமீறி நர்கிஸைச் சூழ்ந்துகொண்டது. உள்ளே பாய்ந்து இழுத்து வந்தவர் சுனில் தத், அவருக்கும் தீக்காயம். மறு வருஷம் மார்ச்சில் இருவருக்கும் கல்யாணம். எல்லா சினிமாப் பத்திரிகைகளும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான். ஆனாலும் அந்தக் காட்சி வரும்போது ஞாபகத்துக்கு வராமல் போகாது.

பெயர் விஷயம் சுவாரசியமானது. ‘மதர் இந்தியா’ என்பது 1927-ல் காதரின் மேயோ என்ற அமெரிக்கர் இந்தியாவை இழிவாக எழுதிய புத்தகத்தின் பெயர். காந்தி அதைச் சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்றார். தமிழ்நாட்டில் கோவை அய்யாமுத்து ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா’ என்று தனிப் புத்தகமே போட்டார். அந்தப் பெயரை மெஹபூப் வேண்டுமென்றே பிடுங்கி, தன் படத்துக்குச் சூட்டினார். ‘பெண்’ என்றிருந்த தலைப்பு ‘தாய்நாடு’ ஆனது. அப்படியானால் அந்தப் பெண் எங்கே போனாள்?

போகவில்லை. கடைசிக் காட்சியில் இருக்கிறாள். பிர்ஜு லாலாவைக் கொன்றுவிட்டு ரூபாவைக் குதிரையில் தூக்கிக்கொண்டு போகிறான். ராதா துப்பாக்கியை உயர்த்துகிறாள். உன்னால் என்னைக் கொல்ல முடியாது, நீ என் அம்மா என்கிறான் மகன். அதற்கு அவள் சொல்லும் பதிலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நான் ஒரு ‘ஔரத்’ என்கிறாள். 17 வருஷத்துக்கு முந்தைய தலைப்பு, தாயே தாயே என்று மூன்று மணி நேரம் புகழ்ந்த பிறகு, அவள் வாயிலிருந்தே வந்து விழுகிறது. தாய் சுடவில்லை, பெண் சுடுகிறாள். அந்தப் பெண் காப்பாற்றுவது தன்னைச் சூறையாடியவனின் மகளை.

அவன் அவள் மடியில் விழுகிறான். ரத்தத்தோடு அந்தக் காப்பை அவள் கையில் கொடுக்கிறான். அடுத்து மதகு திறக்கிறது. தண்ணீர் முதலில் சிவப்பாக வருகிறது.

இதற்கு மேல் போக விரும்புகிறவர்களுக்கு வழி நிறைய இருக்கிறது. யஷ் சோப்ராவின் முதல் படமான ‘தூல் கா பூல்’ (1959), மணமாகாத தாயின் கதை. சக்தி சாமந்தாவின் ‘ஆராதனா’ (1969), தமிழில் ‘சிவகாமியின் செல்வன்’ ஆனது. ‘மதர் இந்தியா’வே சிவாஜி நடித்த ‘புண்ணிய பூமி’யாக 1978-ல் வந்தது. ஒரு தாய், நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்ற அச்சு ‘தீவார்’ வழியாக ரஜினியின் ‘தீ’ வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அவற்றையெல்லாம் பார்த்துவிட்டு ‘ஔரத்’துக்குத் திரும்பி வந்தால் இன்னும் நல்லது.

அந்தப் படத்தைப் பார்க்கும்போது சர்தார் அக்தரின் முகத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நர்கிஸின் புகழில் அடியோடு மறைந்துபோன ராதா அவர். 1942-ல் மெஹபூபைக் கல்யாணம் செய்துகொண்டார். ‘மதர் இந்தியா’வில் சின்ன வயது பிர்ஜுவாக, லாலாவின் மேல் கல்லை எறிந்துகொண்டு கொட்டமடிக்கும் சாஜித் கான் என்ற அந்தப் பையன், இவர்கள் இருவரின் வளர்ப்பு மகன்.